சுவர் மலையில், ஓவியம் நகரத்தில்! 900 வருடத் தேவாலயத்தில் நடந்த விசித்திரம்

[திரையில்: மலைப் பின்னணியில் உயரமான சதுரக் கல் கோபுரம்]

வணக்கம் நண்பர்களே! இந்தச் சுவரில் ஏறக்குறைய 800 வருடம் ஒரு ஓவியம் இருந்தது. ஒருநாள் சில பேர் வந்து, சுவரை இடிக்காமல், அந்த ஓவியத்தின் மேல்தோலை மட்டும் உரித்தார்கள். துணியோடு சுருட்டி, கோவேறு கழுதை மேல் ஏற்றி, மலையிலிருந்து இறக்கி, பார்சிலோனாவுக்குக் கொண்டு போய்விட்டார்கள். ஓவியம் பறிபோகாமல் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா?

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் வடக்கே, கேட்டலோனியாவில், பிரனீஸ் மலைத்தொடர். அதில் போயி பள்ளத்தாக்கு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தாவுல் என்ற சின்ன ஊர். நாம் பார்ப்பது அங்கே இருக்கும் சான் கிளிமென் தேவாலயம். 1123 டிசம்பர் 10ஆம் தேதி ரோதா என்ற ஊரின் ஆயர் ரமோன் இதை அர்ச்சித்தார், அதாவது வழிபாட்டுக்காகப் புனிதப்படுத்தினார். தேதி எப்படித் தெரியும்? தேவாலயத் தூண் ஒன்றிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதே ஆயர் மறுநாள் அதே ஊரில் சாந்தா மரியா என்ற இன்னொரு தேவாலயத்தையும் அர்ச்சித்தார். இத்தனை சின்ன ஊரில் அடுத்தடுத்த நாளில் இரண்டு! கட்டடப் பாணி ரோமனெஸ்க். தடித்த கல் சுவர், அரைவட்ட வளைவுகள், மேலே மரக்கூரை. கோபுரம் ஆறு அடுக்கு.

[திரையில்: ஓவியம், மெதுவாக நெருங்கிச் செல்கிறது]

இப்போது ஓவியம். பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் அரைவட்டக் குடைவில் கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். வலது கை ஆசீர்வதிக்கிறது. இடது கையில் திறந்த புத்தகம். அதில் லத்தீனில் 'உலகின் ஒளி நானே' என்று எழுதியிருக்கிறது. அந்தக் கண்களைப் பாருங்கள், எங்கே நின்றாலும் தப்ப முடியாது. ஆடையின் நீலம் ஏரினைட் என்ற கல்லில் இருந்து வந்தது. அது பிரனீஸ் மலையிலேயே கிடைக்கிற கல். வரைந்தவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை என்பதால் அவரைத் 'தாவுல் ஓவியர்' என்றே அழைக்கிறார்கள்.

1907இல் கட்டடக் கலைஞர் ஜோசப் புச் இ கடபால்க் தலைமையில் ஒரு ஆய்வுக் குழு இந்த மலைகளுக்கு வந்தது. படம் எடுத்தார்கள், எழுதினார்கள், உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. கூடவே கலைப்பொருள் வியாபாரிகளுக்கும் தெரிந்தது! 1919இல் இதே கேட்டலோனியாவில் முர் என்ற வேறொரு இடத்தில் இருக்கும் சாந்தா மரியா தெ முர் தேவாலயத்தின் சுவரோவியம் விலைபோனது. அது இன்று அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பார்சிலோனா அருங்காட்சியக வாரியம் பதறிப்போய், மீதியுள்ள ஓவியங்களை நாமே வாங்கிக் கழற்றிவிடலாம் என்று முடிவெடுத்தது. யாரை வைத்துக் கழற்றினார்கள் தெரியுமா? வியாபாரிகளுக்காக முர் ஓவியத்தைக் கழற்றிய அதே இத்தாலியக் குழுவை! தலைவர் ஃபிராங்கோ ஸ்டெஃபனோனி. அன்றைக்கு அந்த வேலை தெரிந்த கைகள் அவர்களுடையவை. சரியான முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, எப்படிக் கழற்றினார்கள்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இந்த முறைக்கு ஸ்ட்ராப்போ என்று பெயர். சுவரோவியத்தில் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வண்ணம் தீட்டுவார்கள். சுண்ணாம்பு காற்றில் இறுகும்போது வண்ணத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் வண்ணம் இருப்பது மிக மெல்லிய மேல்படலத்தில். அந்தப் படலத்தின் மேல் துணியை வைத்து, வஜ்ஜிரம் போல விலங்குத் தோலில் காய்ச்சிய பசையால் ஒட்டினார்கள். பசை காயக் காய இறுகிச் சுருங்கும். சுருங்கும்போது வண்ணப் படலத்தைச் சுவரிலிருந்து இழுக்கும். அப்போது துணியை மெதுவாக உரித்தால் ஓவியம் துணியோடு வந்துவிடும்.

கொஞ்சம் பொறுங்கள், இப்போது ஓவியத்தின் முகம் துணிக்குள் புதைந்திருக்கிறது, நாம் பார்ப்பது அதன் முதுகை. அந்த முதுகில் பால் புரதமும் சுண்ணாம்பும் கலந்த வேறொரு பசையால் புதுத் துணியை ஒட்டினார்கள். இந்தப் பசை தண்ணீருக்கு அசையாது. அப்புறம் முன்பக்கத் துணியைச் சுடுநீரால் நனைத்தார்கள். கூழ்வடாம் காய்ந்த துணியின் பின்னால் தண்ணீர் தெளித்து உரிப்போமே, அதே சூட்சுமம்தான்! பழைய பசை கரைந்து துணி கழன்றது. கிறிஸ்துவின் முகம் மறுபடி வெளியே வந்தது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். ஒரு கை நடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

1919 முதல் 1923 வரை பல ஊர்களில் இந்த வேலை நடந்தது. ஓவியங்கள் இன்று பார்சிலோனாவின் மொன்ஜுயிக் குன்றில் இருக்கும் தேசியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

[திரையில்: இருண்ட தேவாலயம்]

தாவுலில் பல வருடம் ஒரு நகல் ஓவியம் இருந்தது. 2013இல் அதை எடுத்துவிட்டார்கள். அடியில் இருந்த சுவரைச் சுத்தம் செய்தபோது, உரித்தவர்கள் விட்டுவிட்டுப் போன அசல் துண்டுகள் தெரிந்தன. பைபிளில் வரும் காயின் என்பவன் தன் தம்பி ஆபேலைக் கொல்லும் காட்சியும் அதில் ஒன்று. அந்தச் சுவரின் மேல் இப்போது ஒளியால் ஓவியத்தைக் காட்டுகிறார்கள். முதலில் கோடுகள், பிறகு வண்ணம், கடைசியில் 1123இல் இருந்தது போல முழு ஓவியமும் சுவரில் எழும்புகிறது. விளக்கு அணைந்தால் மிச்சமிருக்கும் அசல் மட்டும் கண்ணுக்குத் தெரியும். நகலைவிட இது எவ்வளவோ நேர்மையான வழி.

2000இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கின் ஒன்பது தேவாலயங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஓவியத்தைத் திரும்ப ஊருக்கே கொடுக்கலாமா? என் கருத்து, வேண்டாம். ஒருமுறை சுவரைப் பிரிந்து துணிக்கு மாறிய வண்ணத்தை இன்னொரு முறை மலையேற்றுவது பெரிய ஆபத்து. ஆனால் 800 வருடம் அதைக் காத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள், அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம்? கமென்ட்டில் காரணத்தோடு எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன். வீடியோ பிடித்திருந்தால் நண்பர்களுக்கு அனுப்புங்கள். அடுத்த வீடியோவில் சந்திப்போம்!