‘யாயும் நனி வெய்யள்’: வெம்மை என்ற சொல்லின் இரு பொருள்கள்

குறுந்தொகை 51ஆம் பாடலில் வரும் ‘யானும் காதலென் யாயும் நனி வெய்யள்’ என்ற அடியைக் குறிப்பிட்டு நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வெம்மை என்றால் வெப்பம், அப்படியானால் வெய்யள் என்பது சினம் மிக்கவள் என்றுதானே ஆகும்? உரையில் ‘மிக்க விருப்பமுடையவள்’ என்று இருக்கிறதே?"

உரை சொல்வதே சரி. தொல்காப்பியத்தின் உரியியலில் ‘வெம்மை வேண்டல்’ என்று இரண்டே சொற்களில் ஒரு நூற்பா இருக்கிறது. வெம்மை என்ற சொல்லுக்கு விரும்புதல் என்பது பொருள் என்கிறது அது. வெப்பம் என்ற பொருளை அங்கே ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அதே இயலில் ‘வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா’ என்று தொல்காப்பியர் முன்னரே சொல்லிவிடுகிறார். எல்லாருக்கும் தெரிந்த பொருளை விளக்க வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. ஆகவே சூடு என்ற பொருள் அன்றைக்கே அனைவரும் அறிந்ததாகவும், விருப்பம் என்ற பொருள் எடுத்துச் சொல்ல வேண்டியதாகவும் இருந்திருக்கிறது. இந்த நூற்பா நமக்குக் கிடைத்தது பெரும் பேறு என்றே நான் கருதுகிறேன்.

இனிச் சொல்லின் பிறப்புக்கு வருவோம். ‘வே’ என்ற வினைதான் இந்தக் குடும்பத்துக்கு வேர். சோறு வேகிறது, பருப்பு வெந்தது என்கிறோம். சளி பிடித்தால் நொச்சி இலையைக் கொதிக்கும் நீரில் போட்டு, போர்வையால் மூடிக்கொண்டு வேது பிடிக்கிறோமே, அந்த வேதும் இதே குடும்பம்தான். வெயில், வெப்பம், வெக்கை, வேனில், வெதுவெதுப்பு எல்லாம் உடன்பிறப்புகள். மலையாளத்தில் வெயில், வேனல் என்றும், தெலுங்கில் சூட்டுக்கு வேடி, கோடைக்கு வேசவி என்றும் வழங்குகின்றன. கன்னடத்தில் வகரம் பகரமாகிக் கோடை ‘பேசிகெ’ ஆகிறது.

வெம்மை அடுத்த சொல்லோடு சேரும்போது வெந்நீர், வெங்கதிர், வெஞ்சினம் என்று, வரும் எழுத்துக்கு ஏற்ப உருமாறும். இவற்றில் வெஞ்சினத்தைக் கவனியுங்கள்; அங்கே சூடு உடலை விட்டு மனத்துக்கு ஏறிவிட்டது. கொடுங்கோல் அரசனை வள்ளுவர் 563ஆம் குறளில் ‘வெங்கோலன்’ என்பதும் அப்படித்தான். மனத்தில் மூளும் சூடு பகையாகவும் இருக்கலாம், ஆசையாகவும் இருக்கலாம்; எது என்பதை அந்தந்த இடம்தான் காட்டும்.

நேயர் கேட்ட பாடலில் அந்த இடம் மிகத் தெளிவாகவே இருக்கிறது. அடுத்த அடி ‘எந்தையும் கொடீஇயர் வேண்டும்’ என்பது. தந்தையும் தலைவனுக்கே பெண் கொடுக்க விரும்புகிறார். ஊரும் தலைவியை அவனோடு சேர்த்தே பேசுகிறது. இவற்றுக்கு நடுவே தாய் மட்டும் சினந்து நின்றால் தோழியின் பேச்சு ஓடாது. திருமணம் தள்ளிப்போவதை எண்ணி வருந்தும் தலைவியிடம், "நானும் அவனிடம் அன்புடையேன், உன் அம்மாவுக்கும் அவனை மிகவும் பிடித்திருக்கிறது" என்று தேற்றுகிறாள் அவள்.