சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். சினிமாப் பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வயலின்கள் கூட்டமாக எழும்புமே, அதை வாசிக்கிற பலருக்கு வேலை மூன்று: கோடம்பாக்கத்தில் ரெக்கார்டிங், வீட்டில் மாணவர்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா உள்படப் பலர் மேல்நாட்டு இசை படித்ததைக் கேட்டிருப்பீர்கள். எங்கே படித்தாலும் முதல் பாடம் சுருதி சேர்ப்பது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

வெளியே 35 டிகிரி வெயில், ஸ்டூடியோவுக்குள் ஏசி 22. பெட்டியைத் திறந்த கையோடு சுருதி சேர்த்தால் கால் மணி நேரத்தில் கலைந்துவிடும். குளிரில் கம்பி சுருங்கி, இறுக்கம் கூடி, சுருதி ஏறும். புல்லாங்குழலுக்கு நேர்மாறு, உள்ளே காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும். வயலின் மேலே, குழல் கீழே! இரண்டு பேர் விரலிலும் பிழையில்லை, சேர்ந்து கேட்டால்தான் கசக்கும். அதனால் பெட்டியைத் திறந்து 20 நிமிஷம் அறையிலேயே வைத்திருந்துவிட்டு, அப்புறம் 440-க்கு, அதாவது ஸ்டூடியோவில் எல்லாரும் பொதுவாக வைத்துக்கொள்கிற ‘ஏ’ சுரத்தின் அதிர்வெண்ணுக்கு, சேருங்கள். குழல்காரர் சத்தமில்லாமல் மூச்சை உள்ளே விட்டுக் குழலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற மரத் திருகான பிருடையும் அப்படித்தான். ஏசி காற்றில் மரம் உலர்ந்து சுருங்கும், பிருடை வழுக்கும். சாக்பீஸை லேசாகத் தேய்த்தால் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் மரம் உப்பி இறுகும். அப்போது உலர்ந்த சோப்பு. மாற்றித் தேய்த்துவிடாதீர்கள்.

ரெக்கார்டிங்கில் தாளம் தவறாமலிருக்க ஹெட்போனில் ‘டிக் டிக்’ என்று கிளிக் ஓடும். ஒரு காதில் மட்டும் மாட்டி, மறுகாதைத் தன் வயலினுக்கு விடுவது வழக்கம். விலக்கிய பக்கத்தைத் தலையோடு அழுந்த ஒட்டிவையுங்கள். இல்லாவிட்டால் அந்த ‘டிக் டிக்’ மைக்கில் ஏறிவிடும். பாட்டு அடங்குகிற இடத்தில் அப்பட்டமாகக் கேட்கும், அந்த டேக், அதாவது வாசித்துப் பதிந்தது, வீண்.

சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒன்று. மேல்நாட்டு இசைக்கான லண்டன் கிரேடு தேர்வுகளில், முன்பின் பார்க்காத இசைக்குறிப்பை வாசிக்கச் சொல்லும்போது, அதைப் பார்த்துக்கொள்ள அரை நிமிஷம்தான் தருவார்கள். பிள்ளைகள் முதல் வரியையே முறைத்துக்கொண்டிருக்கும். ஸ்கேலைப் பார், தாளத்தைப் பார், எங்கே நோட்டு நெருக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் விரலை ஓட்டிப் பார். அந்த இடம் ஓடுகிற வேகம்தான் முழுப் பாட்டுக்கும் வேகம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், சர்ச் வாசிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைப் ஆர்கன் இருக்கிற ஆலயத்தில் வெயில் ஏற ஏற ஆர்கனின் சுருதியும் ஏறும். சுருதி காட்டும் டியூனரை மடித்து வைத்துவிட்டு ஆர்கனுக்கே வயலினைச் சேருங்கள். அதிகாலை ஆராதனையில் சபையாருக்கு மேல் ஸ்தாயி எட்டாது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் போட்டு ஒரு முழு சுரம் இறக்குவார்கள். பாட்டு முடிந்ததும் அதை மறக்காமல் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். மறந்தால் அடுத்த பாமாலையில் கீபோர்டு ஒரு சுருதி, வயலின் ஒரு சுருதி, நடுவில் சபை தவிக்கும். நன்றி, வணக்கம்.