நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருகிறார், அவரிடம் எதைச் சொல்வது, எதை விடுவது?

அடுத்த கேள்வி ஒரு அம்மா அனுப்பியது, கொஞ்சம் நீளமானது, நான் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு 16 வயது. 21 வயதுப் பையன் ஒருவனோடு சேர்ந்து பைக் திருடிய வழக்கில் மாட்டிக்கொண்டான். ஐந்து நாள் கூர்நோக்கு இல்லத்தில், அதாவது வழக்கில் மாட்டிய சிறுவர்களை விசாரணைக் காலத்தில் வைக்கும் இடத்தில் இருந்தான், பிறகு பெயிலில் வீட்டுக்கு வந்துவிட்டான். இப்போது நன்னடத்தை அலுவலர் என்று ஒருவர் போன் செய்து வீட்டுக்கு வருகிறேன் என்கிறார். பையன் ஆறு மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை, அப்பா குடிப்பவர், இதையெல்லாம் சொன்னால் மறுபடி உள்ளே வைத்துவிடுவார்களா, எதையெல்லாம் மறைக்க வேண்டும், நாளைக்கு அரசு வேலைக்குப் போக முடியாதா, பள்ளிக்குப் போகும் மகள் வேறு இருக்கிறாள், அக்கம்பக்கத்தில் பேசுவார்களே என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, முதலில் ஒன்று. வருகிறவர் போலீஸ் இல்லை. இந்த ஒரு குழப்பத்தால்தான் பாதி வீடுகளில் காரியம் கெடுகிறது. போலீஸிடம் பேசுவது போலவே அவரிடமும் 'தெரியாது, இல்லை, பார்க்கவில்லை' என்று பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டப்படி, ஒரு சிறுவனைப் பிடித்ததும் போலீஸ் பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும், நன்னடத்தை அலுவலருக்கும் சொல்ல வேண்டும். அவர் இரண்டு வாரத்துக்குள் உங்கள் வீடு, பையனின் படிப்பு, பழக்கம், கூட்டாளிகள் எல்லாவற்றையும் விசாரித்து, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். சமூக விசாரணை அறிக்கை என்பார்கள். குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அவர்கள் உங்கள் பையனைச் சில நிமிடம் பார்ப்பார்கள், அவ்வளவுதான். மீதியெல்லாம் இந்த அறிக்கை வழியாகத்தான் அவர்களுக்குத் தெரியும்.

அப்படியிருக்க, அதில் பொய்யை எழுத வைத்தால் யாருக்கு நஷ்டம்? நான் பார்த்த ஒரு வீட்டில் பையன் தினமும் பள்ளிக்குப் போகிறான் என்று அடித்துச் சொன்னார்கள். அலுவலர் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டார். அந்தக் குடும்பத்தில் யாரையும் நம்ப முடியாது என்ற எண்ணம் அதோடு விழுந்துவிட்டது, பிறகு அவர்கள் சொன்ன உண்மையும் எடுபடவில்லை. படிப்பை நிறுத்தியது குற்றமில்லை அம்மா. அதைச் சொன்னால் குழுமம் அவனைப் பள்ளியிலோ தொழிற்பயிற்சியிலோ சேரச் சொல்லி உத்தரவு போடலாம், போதைப் பழக்கம் இருந்தால் சிகிச்சைக்கு அனுப்பலாம். அப்பா குடிப்பதையும் சொல்லுங்கள், கூடவே பையனைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். பாட்டியோ மாமாவோ இருந்தால் அலுவலர் வருகிற நாளில் அவர்களும் வீட்டில் இருக்கட்டும். 'வீட்டில் பிரச்சினை இருக்கிறது, ஆனால் பொறுப்பான ஆளும் இருக்கிறார்' என்று அறிக்கை போவதற்கும், ஒன்றுமே தெரியாமல் போவதற்கும் நிறைய வித்தியாசம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். அன்றைக்கு என்ன நடந்தது, வண்டியை யார் எடுத்தார்கள் என்ற பேச்சு வந்தால், வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லலாம், தப்பில்லை. கதை கட்டிக் கொடுத்து பையனை ஒப்பிக்க வைப்பதுதான் தப்பு. வக்கீலுக்குப் பணம் இல்லை என்று உட்கார வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைக்கும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

உள்ளே வைத்துவிடுவார்களா என்று கேட்டீர்கள். இந்தச் சட்டத்தில் சிறுவர்களுக்குப் பெயில் கொடுப்பதுதான் வழக்கம், மறுப்பதற்குத்தான் காரணம் எழுத வேண்டும். வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளியோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து வரும், நீதிக்குக் குந்தகம் ஆகும், இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் மறுக்கலாம். முதல் காரணத்தைக் கவனியுங்கள். அந்த 21 வயதுப் பையன் இன்னும் தெருமுனையில் வந்து விசில் அடிக்கிறான், உங்கள் மகன் இறங்கி ஓடுகிறான் என்றால், நீங்கள் பயப்பட வேண்டியது அங்கேதான். அப்பா குடிக்கிறார் என்பதற்காக மட்டும் பொதுவாக மகனை உள்ளே வைப்பதில்லை. அந்தப் பெரியவனின் வழக்கு தனியாக வேறு கோர்ட்டில் நடக்கும், இரண்டையும் சேர்த்து விசாரிக்கக் கூடாது. இன்னொன்று, சின்னக் குற்றத்தில் சிறுவன் மட்டும் இருந்தால் பொதுவாக எஃப்.ஐ.ஆரே போடுவதில்லை, பெரியவரோடு சேர்ந்து செய்ததாகச் சொன்னால் போடுவார்கள். உங்கள் வழக்கில் எஃப்.ஐ.ஆர் இருப்பதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம், அவர் எத்தனை நாள் வருவார்? இப்போது வருவது அறிக்கைக்காக. பெயில் உத்தரவில் 'நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில்' என்று இருந்தால் அவ்வப்போது வருவார், அதனால் உத்தரவை வாங்கி ஒருமுறை படித்துவிடுங்கள், படிக்கத் தெரிந்த யாரையாவது வைத்துக்கொண்டாவது. விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். மூன்று வருடத்துக்கு மேல் தண்டனை இல்லாத சின்னக் குற்றமாக இருந்து, அதற்குள்ளும் முடியாவிட்டால் நடவடிக்கையே முடிந்துபோகும், சாதாரணத் திருட்டு பெரும்பாலும் இதில்தான் வரும். முடிவில் தப்பு செய்தான் என்று தெரிந்தால்கூட, புத்தி சொல்லி அனுப்புவதில் தொடங்கி, சமூக சேவை செய்யச் சொல்வது, ஒழுங்காக இருப்பான் என்று எழுதி வாங்கிக்கொண்டு நன்னடத்தைப் பிணையில் உங்களிடமே விடுவது என்று பல வழி இருக்கிறது. அந்தப் பிணை அதிகபட்சம் மூன்று வருடம். அந்தக் காலத்தில் அலுவலரைப் பார்க்கச் சொன்ன தேதியில் பையன் போயே ஆக வேண்டும். காய்ச்சல், சாவு வீடு, எதுவானாலும் முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இரண்டு தடவை போகாமல் இருந்தால், அதுவரை உங்கள் பக்கம் பேசியவரே எதிராக எழுத வேண்டி வரும்.

அறிக்கையில் தப்பாக ஏதாவது எழுதிவிட்டால்? அது ரகசிய ஆவணம், நகல் கேட்டவுடன் கிடைக்காது. ஆனால் அதன் சாரத்தைக் குழுமம் உங்களுக்குச் சொல்லலாம், அதற்கு ஆதாரம் காட்டவும் வாய்ப்புக் கொடுக்கலாம். இதை உங்கள் வக்கீல் வழியாகக் கேளுங்கள்.

வேலை விஷயம். இந்தச் சட்டத்தின் கீழ் முடிந்த வழக்கால் ஒரு சிறுவனுக்கு எந்தத் தகுதிக்குறைவும் வராது, பதிவேடுகளையும் மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு அழிக்கச் சொல்கிறது சட்டம். வழக்கு முடிந்துவிட்டால் நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூட போலீஸ் அதை வெளியே சொல்லக் கூடாது. கொடிய குற்றத்தில் 16 வயதுக்கு மேற்பட்டவரைப் பெரியவராக விசாரித்துத் தீர்ப்பு சொல்லியிருந்தால் மட்டும் கதை வேறு, உங்களுடையது அந்த வகையே இல்லை. பையனின் பெயர், படம், பள்ளி இதையெல்லாம் பத்திரிகையில் போட்டாலும் தண்டனை உண்டு, ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பக்கத்து வீட்டு வாயை அடைக்கத்தான் சட்டத்தில் வழி இல்லை. அலுவலரிடம் போனிலேயே சொல்லுங்கள், 'சார், மகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வாருங்கள்' என்று. பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று, வயது. 16 என்று நீங்கள் சொன்னால் போதாது. பள்ளியில் கொடுத்த பிறந்த தேதிச் சான்றிதழோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோதான் முதலில் பார்ப்பார்கள், அது இல்லாவிட்டால் நகராட்சி அல்லது பஞ்சாயத்துப் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. பள்ளியை விட்டு ஆறு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள், அதனால் நாளைக்கே போய் அந்தச் சான்றிதழை வாங்கிவிடுங்கள், அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராமல் நகலை மட்டும் கொடுங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.