வரிசையில் பிறந்த பூங்காவில் ஒரு சனிக்கிழமை

வணக்கம் நண்பர்களே. பின்னால் கேட்கும் அலறலைக் கண்டு பயந்துவிடாதீர்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ‘கோஸ்ட் ரைடர்’ என்ற மர ரோலர் கோஸ்டரில் காசு கொடுத்து ஏறியவர்கள் எழுப்பும் சத்தம் அது. தெற்குக் கலிபோர்னியாவில் புவேனா பார்க் என்னும் ஊரில், நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவுக்குள் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். வசந்த காலத்தில் இங்கே பாய்சென்பெர்ரி திருவிழா நடக்கும். பள்ளிகளுக்கு வசந்த விடுமுறை, அதிலும் சனிக்கிழமை. ஆகவே ஆரஞ்சு கவுண்டியில் பாதிப் பேர் இங்கேதான் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி சில மைல் தள்ளி அனஹைமில், டிஸ்னிலேண்டில் இருக்கும்.

நானும் என் கணவரும் மட்டும்தான் வந்திருக்கிறோம். அவர் கேமரா முன்னால் வரமாட்டார். ஆனால் அவருடைய கை அடிக்கடி வரும், ஏதாவதொரு தட்டை ஏந்திக்கொண்டு. கையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாப்பாடு. ஏனென்றால் இந்தத் திருவிழாவே ஒரே ஒரு பழத்துக்காகத்தான். பாய்சென்பெர்ரி பன்றி இறைச்சி, பாய்சென்பெர்ரி சாஸ் பூசிய கோழி இறக்கை, பாய்சென்பெர்ரி சாசேஜ், பீட்சா, ஐஸ்கிரீம், எலுமிச்சைச் சாறு, பீர், ஒயின் என்று எதைத் தொட்டாலும் ஊதா. டேஸ்டிங் கார்டு என்று ஓர் அட்டை விற்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டால் பூங்காவில் ஆங்காங்கே இருக்கும் கடைகளில் சிறிய அளவில் வாங்கிச் சுவைக்கலாம். இரண்டு பேருக்கு ஓர் அட்டை போதும் என்றேன் நான். ஆளுக்கொன்று வேண்டும் என்றார் அவர். அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. சனிக்கிழமைகளில் நான் அசைவம் சாப்பிடுவதில்லை. என் அட்டையில் இருக்கும் இறைச்சியும் தன் கணக்கில்தான் சேரும் என்று வீட்டிலேயே திட்டம் போட்டுவிட்டுத்தான் மனிதர் கிளம்பியிருக்கிறார்.

பழம் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். நம் நாவற்பழத்தைத் தின்றால் நாக்கு என்ன நிறமாகுமோ, அந்த நிறம். இனிப்பு முதலில் வந்து, பின்னாலேயே ஒரு புளிப்பு பல்லைக் கூச வைக்கிறது. இறைச்சிக்கு இது பொருந்துகிறது என்கிறார் அவர். கொழுப்பின் திகட்டலைப் புளிப்பு வெட்டிவிடுகிறதாம். பீட்சாவில் இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஐஸ்கிரீமில் மட்டும் மறுபேச்சுக்கு இடமில்லை. வெயில் ஏறிய பிறகு அதைத் தவிர வேறெதையும் வாங்க வேண்டாம் என்பேன்.

ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். இத்தனை ஊதாவுக்கு நடுவே, பறித்த பழமாக ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தில் பாய்சென்பெர்ரி பழுப்பது கோடைத் தொடக்கத்தில்தான். வசந்தத் திருவிழாவில் கிடைப்பதெல்லாம் ஜாம், பாகு, சாறு, சாஸ். பருவத்திலும் இதைக் கடைகளில் பார்ப்பது அரிது. தோல் அவ்வளவு மெல்லியது. பறித்த சில நாள்களுக்குள் கசிந்து குழைந்துவிடும். லாரியில் ஏற்றித் தொலைதூரம் அனுப்பத் தோதான பழமில்லை.

இந்தப் பழம் இன்று உயிரோடு இருப்பதே ஓர் அதிசயம். 1920களில் ருடால்ஃப் பாய்சென் என்பவர் வளர்த்த கலப்பினம் இது. ராஸ்ப்பெர்ரி, பிளாக்பெர்ரி, லோகன்பெர்ரி, டியூபெர்ரி ஆகியவற்றின் வழி வந்தது என்கிறார்கள். அவருக்கு அது வியாபாரமாகக் கைகொடுக்கவில்லை, விட்டுவிட்டார். பிறகு அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் டாரோ என்பவர், இப்படியொரு பெரிய பழம் இருந்ததாமே என்று கேள்விப்பட்டுத் தேடி வந்தார். புவேனா பார்க்கில் பெர்ரி பயிரிட்டுக்கொண்டிருந்த வால்டர் நாட் என்ற விவசாயியையும் கூட்டிக்கொண்டு பாய்செனின் பழைய பண்ணைக்குப் போனார். அங்கே களைகளுக்கு நடுவில் சில நோஞ்சான் கொடிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. நாட் அவற்றைத் தன் நிலத்துக்குக் கொண்டுவந்து தேற்றினார். 1932இல் பழத்தை விற்கத் தொடங்கினார். பெயர் வைக்கும்போது தன் பெயரை வைக்காமல் பாய்செனின் பெயரையே வைத்தார். எனக்கு வால்டர் நாட்டைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

சரி, பழம் விற்ற பண்ணை எப்படிக் கேளிக்கைப் பூங்கா ஆனது? எனக்கு இந்த இடம் பிடித்திருப்பதற்கு ரோலர் கோஸ்டர்களைவிட இந்தக் கதைதான் காரணம். பொருளாதாரப் பெருமந்தக் காலம். பழமும் ஜாமும் விற்று வரும் பணம் போதவில்லை. 1934இல் வால்டரின் மனைவி கார்டிலியா கோழியை வறுத்து, தன் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளில் வைத்து, எட்டுப் பேருக்கு இரவு உணவு பரிமாறினார். ஒரு சாப்பாடு 65 சென்ட். கோழியோடு ரொட்டி, காய்கறி, கடைசியில் பெர்ரி அடைத்துச் சுட்ட ‘பை’ என்னும் இனிப்பு. செய்தி பரவியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வார இறுதிகளில் மணிக்கணக்கில் ஆள்கள் காத்து நிற்கும் நிலை வந்துவிட்டது.

காத்து நிற்பவர்களை என்ன செய்வது? பசியோடு நிற்பவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும். வால்டர் அவர்களுக்கு வேடிக்கை காட்டத் தொடங்கினார். பாறைத் தோட்டம் அமைத்தார், சின்னதாக ஓர் எரிமலைகூட வைத்தார். 1940இல் அமெரிக்க மேற்குப் பகுதியின் பழைய ஊர் போன்ற ஒன்றையே எழுப்ப ஆரம்பித்தார். அதுதான் இப்போது நான் நடந்துகொண்டிருக்கும் கோஸ்ட் டவுன். சாப்பாட்டுக்கு முறை வரும் வரை மக்கள் சுற்றிப் பார்க்கட்டும் என்று கட்டிய ஊர் இது. சுற்றிலும் வேலி போட்டு நுழைவுக் கட்டணம் வாங்கியது 1968இல்தான். அதுவரை யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து உலவலாம்.

ஆக, இந்தப் பூங்காவைப் பெற்றெடுத்தது ஒரு வரிசை. இன்று காலையிலிருந்து நான் இதையே அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வரிசையில் நிற்பவன் இந்த ஊரில் விருந்தாளி, அவனுக்காகத்தான் இத்தனையும் என்று. அவர் பதிலே சொல்லவில்லை. கையில் கோழி இறக்கை இருந்தது.

இந்தக் கொல்லன் பட்டறையைப் பாருங்கள். உண்மையான உலை, உண்மையான சம்மட்டி. வெயில் நேரத்தில் கொல்லர் நெருப்புக்கு முன்னால் நின்று, குழந்தைகள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிறார். தெருவில் கைவினைப் பொருள் விற்கும் கடைகளும் திருவிழாவுக்காகப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் நீராவி ரயில். 1952இலிருந்து ஓடுகிறது. எஞ்சின்கள் கொலராடோ மலைகளில் குறுகிய பாதையில் ஓடி ஓய்ந்தவை. பாதி வழியில் முகமூடிக் கொள்ளையர் ஏறி மிரட்டுவார்கள். எங்களிடமும் வந்தார்கள். “உன்னிடம் என்ன இருக்கிறது?” என்று துப்பாக்கியை நீட்டியவரிடம் என் கணவர் டேஸ்டிங் கார்டை எடுத்துக் காட்டினார். அதில் எதுவும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டு அந்தக் கொள்ளையர் துக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.

வால்டருக்குப் பழைய ஊர்கள் மீது தணியாத மோகம் இருந்திருக்க வேண்டும். மொஹாவி பாலைவனத்தில் காலிகோ என்றொரு வெள்ளிச் சுரங்க ஊர் கைவிடப்பட்டுக் கிடந்தது. 1951இல் அதையே விலைக்கு வாங்கிச் சீரமைத்தார். 1966இல் சான் பெர்னார்டினோ கவுண்டிக்குக் கொடுத்துவிட்டார். அதை இன்றும் போய்ப் பார்க்கலாம். பூங்காவுக்குள் இருக்கும் காலிகோ சுரங்க ரயிலுக்குப் பெயர் அங்கிருந்து வந்தது.

அந்தச் சுரங்க ரயிலிலிருந்துதான் இப்போது இறங்கி வருகிறோம். 1960இல் பட் ஹர்ல்பட் என்பவர் கட்டியது. அவருடைய சாமர்த்தியம் என்னவென்றால், வரிசையை ஒளித்து வைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் பத்துப் பதினைந்து பேர் நிற்பதுபோலத்தான் தெரியும். மலைக்குள் நுழைந்த பிறகு பாதை வளைந்து வளைந்து போகிறது. ஆனால் போகிற வழியெல்லாம் கீழே ரயில்கள் ஓடுவதும் விளக்குகள் அசைவதும் தெரிவதால் எவ்வளவு நேரம் நின்றோம் என்பது உறைப்பதில்லை. வரிசையே வேடிக்கையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. இது அந்தக் காலத்தில் புதுமை. இன்று உலகின் பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் எல்லாம் இந்த வித்தையைத்தான் செய்கின்றன.

அந்த வரிசையில் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பேசினோம். வீட்டில் பேசாததையெல்லாம் பேசினோம் என்று உருகப் போவதில்லை, பயப்படாதீர்கள். ஆடி மாதத்தில் அவருடைய அம்மா வருவதற்கு டிக்கெட் எடுப்பதா, ஆவணியில் எடுப்பதா என்ற பஞ்சாயத்து. எங்களுக்கு முன்னால் நின்ற மெக்சிகோக் குடும்பத்துப் பாட்டி, மொழி தெரியாமலே விஷயம் மாமியார் சம்பந்தப்பட்டது என்று கண்டுபிடித்துவிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. ஆவணி என்று முடிவாயிற்று. வெற்றி யாருக்கு என்பதை வீடியோவில் சொல்ல மாட்டேன், மாமியாரும் பார்க்கிறார். வணக்கம் அத்தை.

பெரிய ரைடுகளைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. கோஸ்ட் ரைடர் 1998இல் திறந்தது. 118 அடி உயரம், 4,533 அடி நீளம், முழுக்க மரம். ஏறும்போதே தடதடவென்று எலும்புக்குள் கேட்கும். அவர் ஏறினார். இறங்கி வந்து கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, இறைச்சியை முதலில் சாப்பிட்டிருக்க வேண்டாமோ என்று யோசித்தார். நான் மரக்கட்டைப் படகில் மட்டும் ஏறினேன். டிம்பர் மவுண்டன் என்று பெயர், 1969இல் திறந்தது, அதுவும் ஹர்ல்பட் கட்டியதுதான். கடைசிச் சரிவில் தண்ணீர் தெறிக்கும், மாற்றுத் துணி தேவைப்படும் அளவுக்கு இல்லை. சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் நேராக கேம்ப் ஸ்னூபிக்குப் போய்விடுங்கள். 1983இலிருந்து ஸ்னூபி என்ற கார்ட்டூன் நாய்க்குட்டியின் குடியிருப்பு அது.

திருவிழா நாளில் எல்லா ரைடுகளிலும் ஏறிவிட வேண்டும் என்று நினைத்து வராதீர்கள். அதற்கு வேறு நாள் பாருங்கள், பள்ளி நடக்கும் வார நாளாக இருந்தால் நல்லது. திருவிழா நாள் தின்பதற்கும் திரிவதற்கும். ரைடு ஒன்றோ இரண்டோ போதும். இரண்டு பேராக வருகிறீர்கள் என்றால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் உணவு வாங்கும் வரிசைக்கு, மற்றவர் நிழலில் மேசை பிடிக்க. உணவு வாங்குவதைவிட மேசை பிடிப்பதுதான் பெரிய வேலை, அதற்குக் கொஞ்சம் முகத்தில் கடுமை வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு என்னுடையது. டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். மேல்சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். மதியம் வியர்க்கும், சூரியன் இறங்கியதும் குளிரும். வெள்ளைச் சட்டை மட்டும் போடாதீர்கள், ஊதாக் கறை போகாது.

சைவர்கள் எழுதிக் கேட்டிருந்தீர்கள். பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் வயிறு நிறைவது இனிப்பால்தான். கொஞ்சம் கட்டுச்சாதம் காரில் வைத்துக்கொண்டு வாசல் வரை போய்ச் சாப்பிட்டு வருவது புத்திசாலித்தனம். நான் புளியோதரை கொண்டுவந்திருந்தேன். மதியம் காரில் உட்கார்ந்து சாப்பிட்டபோது, இத்தனை இறைச்சி உண்ட மனிதர் டப்பாவில் பாதியைக் கேட்டு வாங்கினார்.

இப்போது சாயங்காலம். பூங்காவுக்கு வெளியே வந்துவிட்டோம். கார்டிலியா தொடங்கிய அந்தக் கோழி உணவகம் வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது, நுழைவு டிக்கெட் இல்லாமலே யாரும் போகலாம். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கலாமா என்று அவர் என் முகத்தைப் பார்க்கிறார். சனிக்கிழமை எனக்கு அங்கே என்ன கிடைக்கும்? உருளைக்கிழங்கு மசியலும் ரொட்டியும். அதோடு பாய்சென்பெர்ரி பை. பைக்காக ஒத்துக்கொண்டேன். பட்டியலில் பெயர் எழுதும் பெண்மணி அவருடைய பெயரைத் தப்பாகத்தான் எழுதியிருக்கிறார். எந்த உச்சரிப்பில் கூப்பிட்டாலும் ஓடத் தயாராக என் கணவர் வாசலிலேயே நிற்கிறார். நான் போய் நிற்கிறேன். பை எப்படியிருந்தது என்பதைக் கீழே எழுதிவிடுகிறேன்.