அழைப்பு வந்துவிட்டால் டிக்கெட் என்னாகும்?

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருபத்தேழு வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். டிசம்பர் லீவுக்குச் சென்னை போகும் குடும்பங்கள், பழநிக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறவர்கள், கொள்ளுத்தாத்தா கப்பலேறிய ஊரைத் தேடிப் போகிறவர்கள் எல்லோரும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அவர்களில் ஒரு சிலரைப் பற்றி. ரிசர்வ் படையில் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி.

வாரம் முழுக்க வேறு வேலை பார்ப்பார்கள், படை அழைக்கும்போது சீருடை போடுவார்கள். வெள்ளைக்கார இளைஞர்களுக்கு ஒரு காலத்தில் இருந்த கட்டாயச் சேவை போய்விட்டது. இப்போது சேருவது அவரவர் விருப்பம். ஆனால் சேர்ந்தபிறகு அழைப்பு எந்த மாதம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, மேலும் 73,180 படையினரைப் பணியில் இறக்கப்போவதாக அதிபர் ராமபோசா நாடாளுமன்றத்துக்கு எழுதினார். அந்தக் கணக்கில் ரிசர்வ் படையும் சேர்த்தி. 2021 ஜூலையில் நம் டர்பன் கலவரத்தில் பற்றி எரிந்த வாரம் உங்களுக்கு மறந்திருக்காது. ரிசர்வ் படையினர் எல்லோரும் 15ஆம் தேதி விடியும்போதே வந்து சேரவேண்டும் என்று அதற்கு முந்தின நாள்தான் ஆணை வந்தது. நடுவில் ஒரே ஓர் இரவு.

என் அக்கா மகனும் ரிசர்வில் இருக்கிறான். சில வருடங்களுக்கு முன் அவன் அப்பா தவறிவிட்டார். முதல் வருடத் திதியை ராமேஸ்வரத்தில் கொடுக்கவேண்டும் என்பது அக்காவின் ஆசை. மார்ச் மாதம் நானே டிக்கெட் போட்டேன். துபாய் வழியாகச் சென்னை, நான்கு பேர், ஒரு டிக்கெட் பதினேழாயிரம் ரேண்ட். இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டேன். "கிரெடிட் கார்டில் கட்டினால் தானாகவே கிடைக்கும் சித்தி" என்றான். சரி என்று விட்டுவிட்டேன். கார்டோடு வரும் அந்தக் காப்பீட்டில் வெளிநாட்டு மருத்துவச் செலவுக்குத்தான் பெரிய தொகை. பயணம் ரத்தானால் கிடைப்பது சொற்பம். ஜூன் மாதம் அதைக் கவனித்துவிட்டுக் கூடுதலாக ஒரு பாலிசி எடுத்தார்கள்.

ஜூலையில் கடிதம் வந்தது. செப்டம்பரில் வடக்கே லிம்போபோ மாகாண எல்லைக் காவலுக்கு அவன் படைப்பிரிவு போகிறது. திதியும் செப்டம்பரில்தான்.

கிளெய்ம் போட்டோம். ஆறு வாரம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. அதை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து வரி வரியாகப் படித்தோம். இரண்டு காரணம் சொல்லியிருந்தார்கள். முதல் காரணம், பாலிசி எடுக்கும்போதே உங்களுக்கு விஷயம் தெரியும் என்பது. எப்படித் தெரியும் என்று பார்த்தால், எங்களுக்கு உதவுவதற்காக அவன் படைப்பிரிவு அதிகாரி எழுதிக் கொடுத்த கடிதத்திலேயே அது இருந்தது: "இப்பணி குறித்து வீரர்களுக்கு மே மாதமே தெரிவிக்கப்பட்டது." மே மாதம் அவர்களுடைய வாட்ஸப் குழுவில் வந்த ஒரு தகவல் அது. எத்தனையோ தகவல் வரும், பாதி நடக்காது என்று அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது காரணம்தான் என்னை ரொம்ப வருத்தியது. அவன் சம்மதித்துத்தான் போகிறான், அதனால் இது தவிர்க்கமுடியாத ரத்து இல்லையாம்.

நாட்டு எல்லையைக் காக்கப் போகிறவனைப் பார்த்து, நீயாகத்தானே போனாய் என்று கேட்கிறார்கள். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. அந்தப் பையன் சேர்ந்தது விருப்பத்தின் பேரில்தான், ஆனால் செப்டம்பர் மாதத்தை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. மே, ஜூன் தேதி விஷயத்தில் மட்டும் என்னால் அவர்களோடு சண்டை போட முடியவில்லை. அது எங்கள் தவறு. படை அழைத்தால் என்ன செய்வது என்ற அந்த ஒரு கேள்வியை, இருபத்தேழு வருட அனுபவம் உள்ள நான் மார்ச் மாதமே கேட்டிருக்க வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மருத்துவக் காப்பு நீங்கள் பயணம் கிளம்பும்போதுதான் தொடங்கும். ஆனால் ரத்துக்கான காப்பு பெரும்பாலும் பாலிசி எடுத்த நாளிலிருந்தே தொடங்கிவிடும். அதனால் டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் அன்றைக்கே பாலிசியும் எடுத்துவிட வேண்டும். விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் எடுத்தால் ரத்துக் காப்பு என்று பெயருக்குத்தான் இருக்கும். நடுவில் வரும் ஒரு கடிதம், ஒரு வாட்ஸப் தகவல்கூட, "முன்பே தெரிந்த விஷயம்" ஆகிவிடும்.

பாலிசியில் எந்தக் காரணங்களுக்குப் பணம் தருவார்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். மரணம், கடும் நோய், வீடு தீப்பிடிப்பது இப்படி. சில பாலிசிகளில் ஜூரி சேவைக்கு அழைக்கப்பட்டால் என்றுகூட இருக்கும். நம் நாட்டில் ஜூரி முறையை 1969-லேயே எடுத்துவிட்டார்கள்! வெளிநாட்டு வாசகம் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. பிரிட்டனில் பல பாலிசிகள், படையினருக்குக் கொடுத்த விடுப்பு எதிர்பாராமல் ரத்தானால் பணம் தரும். அமெரிக்காவில் எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்று ஒரு வகை உண்டு, அதில் கட்டியதில் 50 முதல் 75 சதவீதம்வரை திரும்பும். இல்லாத ஜூரிக்கு இடம் கொடுக்கத் தெரிந்த நம் கம்பெனிகள், இருக்கும் ரிசர்வ் வீரனுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இதில் கைகொடுக்காது. 2008ஆம் வருடத்துச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, யாருக்காக முன்பதிவு செய்யப்பட்டதோ அவர் இறந்தாலோ மருத்துவமனையில் சேர்ந்தாலோ ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. மற்றபடி நியாயமான கட்டணம் பிடிக்கலாம். படை அழைப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

ஆகவே பிள்ளைகளே, வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள். "நான் ரிசர்வ் படையில் இருக்கிறேன், அழைத்தால் ரத்துக்குப் பணம் தருவீர்களா? என்னோடு வரும் என் மனைவி மக்கள் டிக்கெட்டுக்கும் சேர்த்தா?" போனில் "ஆமாம்" என்றால் போதாது, மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். படைப்பிரிவிலிருந்து கடிதம் வாங்கும்போது, அது கட்டளையா, விருப்பம் கேட்டு அனுப்பியதா என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். தேதிகளை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். டிக்கெட் போடும்போது ரிசர்வில் இருப்பவருடையதை மட்டும் தனிப் பதிவாகப் போடச் சொல்லுங்கள், ஒன்றை மாற்றுவதற்காக நான்கையும் கலைக்க வேண்டியிருக்காது. பயணம் நின்றுபோனால், பணம் திரும்பாத டிக்கெட்டிலும் விமான நிலைய வரி பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அதை எதிர்த்துக் கம்பெனிக்கே முறையிட 90 நாள் அவகாசம் உண்டு. அதிலும் தீராவிட்டால் தேசிய நிதி ஒம்புட் என்ற, புகார்களை நடுநிலையாக விசாரிக்கும் அமைப்பிடம் போகலாம். 2024 மார்ச் 1 முதல் இன்சூரன்ஸ், வங்கி, கடன் புகார்கள் எல்லாம் அங்கேதான். நமக்கு ஒரு சென்ட் செலவில்லை.

அக்காவும் மற்ற இருவரும் ராமேஸ்வரம் போனார்கள். மகன் இல்லாமல் அக்னி தீர்த்தத்தில் திதி நடந்தது. கிளம்புவதற்கு முன் அக்கா ஒரு சின்னப் பொட்டலத்தில் எள் கட்டி அவன் பைக்குள் வைத்திருந்தாள். அன்று விடிகாலை காவல் முடிந்து வந்து, கூடாரத்துக்குப் பின்னால் தெற்குப் பார்த்து நின்று, தண்ணீர்க் குவளையில் அந்த எள்ளைப் போட்டு அப்பா பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டானாம். போனில் என்னிடம்தான் சொன்னான். அக்காவிடம் சொல்லவில்லை.

என் அலுவலகத்தில் டிக்கெட்டுக்கு நிரப்பும் படிவத்தில் இப்போது பாஸ்போர்ட் எண்ணுக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "பயணிகளில் யாராவது ரிசர்வ் படையில் இருக்கிறார்களா?" ஆமாம் என்று எழுதினால், இன்சூரன்ஸ் கம்பெனியின் பதில் எழுத்தில் வரும்வரை நான் பணம் வாங்குவதில்லை. வணக்கம்.