என்ன வருத்தம்?

(தாதிய மாணவர்களுக்கும் ஊர்மக்களுக்குமாகத் திருகோணமலையில் நடந்த மாலைக் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, முன்வரிசையில் வெள்ளைச் சீருடையோடு இருக்கிற பிள்ளைகளே, வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒலிவாங்கி கொஞ்சம் கரகரக்கிறது. பின்னுக்கு இருப்பவர்களுக்குக் கேட்காவிட்டால் கையைக் காட்டுங்கள். முப்பது வருடத்துக்கு மேலாக விடுதிகளில் கத்திப் பழகிய தொண்டை, சமாளிக்கும்.

எனக்குத் தந்த தலைப்பு, 'முழுமைநோக்குத் தாதியத்தில் ஆரோக்கியம், நல்வாழ்வு, நோய்: அடிப்படைக் கருத்துக்கள்'. அழைப்பிதழைப் பார்த்த என் மருமகள், "மாமி, இதைக் கேக்க ஆர் வரப்போறாங்க?" என்றாள். நீங்கள் வந்துவிட்டீர்கள். முழுமைநோக்கு என்றால் நோயை மட்டும் பார்க்காமல் ஆளை முழுதாகப் பார்ப்பது, அவ்வளவுதான். அதனால் தலைப்பை அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

வருத்தம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தியிடம் ஒருமுறை, "அம்மாவுக்கு வருத்தம், கிளினிக்குக்குக் கூட்டிப்போறேன்" என்றேன். அவள் பதறிப்போய், "யார் மேல அத்தை வருத்தம்?" என்று கேட்டாள். அங்கே வருத்தம் என்றால் கவலை, மனத்தாங்கல். நமக்குக் காய்ச்சலும் வருத்தம், கவலையும் வருத்தம். சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம், வருத்தக்காரர், வருத்தம் பார்க்கப் போதல் என்று உடம்புக்கும் மனதுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். எதிர்ப்பக்கத்தில் சுகம். 'சுகமா இருக்கிறியளா?' என்று கேட்பவர் குருதி அமுக்கத்தை மட்டும் கேட்பதில்லை. பிள்ளைக்கு வேலை கிடைத்ததா, வீட்டுக்கூரை ஒழுகுகிறதா, எல்லாம் அந்தக் கேள்விக்குள் அடங்கும்.

ஆர்தர் கிளைன்மன் என்று அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவர், மானிடவியலும் படித்தவர். 1970களிலும் 80களிலும் அவரும் அவரைப் போன்றவர்களும் ஒரு வேறுபாட்டை விரித்து எழுதினார்கள். மருத்துவர் உடம்பில் கண்டுபிடிப்பது ஒன்று, அந்த உடம்புக்குள் இருக்கிற மனிதர் அனுபவிப்பது இன்னொன்று. இந்த மாலைக்கு மட்டும் முதலாவதை நோய் என்போம், இரண்டாவதை வருத்தம் என்போம். நோய் இருந்தும் வருத்தம் தெரியாத ஆட்கள் உண்டு. குருதி அமுக்கம் 180 காட்டும், ஆள் பகிடி விட்டுக்கொண்டிருப்பார். நோய் எதுவும் அகப்படாமல் வருத்தத்தால் படுத்துக் கிடப்பவர்களும் உண்டு. தாதிக்கு இரண்டும் வேலைதான். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மனிதரிடம் தோற்றுப்போய்த் தெரிந்துகொண்டேன்.

அவர் கரைவலை இழுக்கிறவர். நீரிழிவு. வலது காலில், பெருவிரலுக்குக் கீழே புண். மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டு மாற்ற வருவார். ஒவ்வொரு முறையும் கட்டுக்குள் மணல். ஒவ்வொரு முறையும் நான் ஏசுவேன். "ஐயா, செருப்புப் போடச் சொன்னேனா இல்லையா? காலைக் கழட்டத்தான் போறாங்க, அப்ப தெரியும்." அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் மிஸ்ஸி" என்பார். அடுத்த முறையும் மணல். அவருடைய அட்டையில் நான் எழுதிய வரி இன்னும் நினைவிருக்கிறது: 'ஆலோசனைக்கு ஒத்துழைக்கவில்லை.' நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

ஒருநாள் அவருடைய மனைவி வந்தபோது சும்மா கேட்டேன், ஏன் இந்த மனுசன் செருப்புப் போடுறதில்லை என்று. அவ சிரித்துவிட்டா. "ஈர மணலில செருப்போட நிண்டு ஆர் மிஸ்ஸி வலை இழுக்கிறது? புதைஞ்செல்லோ போகும்."

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்பாப் பாட்டோடு கரைவலை இழுப்பதை எத்தனை விடியலில் பார்த்திருப்பேன்! குதிகாலை மணலில் ஊன்றிச் சாய்ந்துதான் கயிற்றை இழுப்பார்கள். அந்தக் காலும் என் மேசையில் கட்டோடு கிடந்த காலும் ஒரே கால் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடல் அமர்ந்திருக்கிற மாதங்களில் உழைத்தால்தான் வாடைக்காற்று மாதங்களில் அடுப்பு எரியும். 'ஆறு கிழமை ஓய்வு' என்று நான் சொன்னது அவர் காதில் 'ஆறு கிழமை பட்டினி' என்றுதான் விழுந்திருக்கும்.

பிள்ளைகளே, இந்தக் காலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீனி நீண்டகாலம் கூடியே இருந்தால் நரம்புகள் பழுதாகும், முதலில் பாதத்தில். விறைக்கும், மதமதக்கும், பிறகு சிப்பி வெட்டினாலும் தெரியாது. சித்திரை வெயிலில் மணல் சுட்டுக் கொப்புளம் வந்தாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவதால் காயம் ஆற நாளாகும், கிருமி வேகமாகப் பரவும். வலி என்பது உடம்பின் காவல்நாய். அது செத்துப்போன வீட்டில் கண்ணால்தான் காவல் பார்க்க வேண்டும். அதனால் அவருடைய மனைவியை உட்காரவைத்துப் பேசினோம். இரவில் காலைக் கழுவி, விரலிடுக்கு ஈரத்தை ஒற்றியெடுத்து, முகம் பார்க்கிற கண்ணாடியை அடியில் பிடித்துப் பாதம் முழுவதையும் பார்க்க வேண்டும். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் அவ போய்க் கதைத்தா. புண் ஆறும்வரை கயிறு இழுக்கிற வேலை இல்லை, கரையில் உட்கார்ந்து மீனைத் தரம் பிரிக்கிற வேலை. பங்கு கொஞ்சம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. புண் ஆறியது. மருந்து அதே மருந்துதான். கட்டுத்துணியும் அதேதான்.

சுடுதண்ணீரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் கன்னியா இருக்கிறது. ஏழு கிணறு, ஏழு விதச் சூடு. கால் விறைத்தவர்கள் காலால் சூடு பார்க்கக் கூடாது, முழங்கையால் பாருங்கள். இராவணன் இறந்துபோன தாய்க்கு ஈமக்கடன் செய்ய வாளால் ஊன்றிய இடங்கள் அந்த ஏழும் என்பது ஐதிகம். இன்றைக்கும் நம் சனம் செத்தவர்களுக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்ய அங்கேதான் போகிறது. உளைவுக்கும் கன்னியா, இழவுக்கும் கன்னியா. உடம்பையும் துயரத்தையும் ஒரே தண்ணீரில் கழுவுகிற ஆட்களுக்கு முழுமைநோக்கு என்பதை நான் வந்து புதிதாக விளக்க வேண்டியதில்லை.

சரி, பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம். உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பு 1946 இல் எழுதப்பட்டு 1948 ஏப்ரல் 7 இல் நடைமுறைக்கு வந்தது. அதனால்தான் உலக சுகாதார தினம் அந்த நாளில். ஆரோக்கியம் என்பது நோயோ பலவீனமோ இல்லாதிருப்பது மட்டுமல்ல, உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழுமையான நல்ல நிலை என்கிறது அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு எழுதிய வரி. பெரிய மனசோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த 'முழுமையான' என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் சண்டை. அப்படிப் பார்த்தால் இந்த மண்டபத்தில் ஆரோக்கியமானவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். 2011 இல் மாக்டெல்ட் ஹூபர் என்ற நெதர்லாந்து மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் வேறொன்றை முன்வைத்தார்கள். வருகிற சவாலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டு, தன்னைத் தானே கொண்டுநடத்துகிற ஆற்றல்தான் ஆரோக்கியம் என்று. எனக்கு இது பிடிக்கும். நம் வீட்டு ஆச்சிமாருக்கும் இதில் இடமிருக்கிறது.

நல்வாழ்வு என்பது இன்னொரு கேள்வி. ஹால்பர்ட் டன் என்பவர் அமெரிக்க அரசின் பிறப்பு இறப்புப் புள்ளிவிவர அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தவர். வருடக்கணக்காகச் சாவுகளை எண்ணிக்கொண்டிருந்தவருக்கு, சாகாமல் இருப்பதற்கும் நன்றாக வாழ்வதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று ஒரு யோசனை வந்தது. 1961 இல் அதைப் புத்தகமாக்கினார். பிறகு 1970களில் ஜோன் டிராவிஸ் என்ற மருத்துவர் அதை ஒரு கோடாக வரைந்தார். நடுவில் ஒரு புள்ளி. இடப்பக்கம் போகப்போக வருத்தம், வலப்பக்கம் போகப்போக நல்வாழ்வு. மருந்து பெரும்பாலும் ஆளை நடுப்புள்ளிவரை கொண்டுவந்து விடும். அதற்கப்பால் நடப்பது அவரவர் உணவு, உறக்கம், உறவு, நம்பிக்கை, செய்கிற தொழில் இவற்றோடு. எந்த நோயும் இல்லாத ஒரு பொடியன் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். சீனியும் பிறசரும் உள்ள ஒரு கிழவி குளிசையை நேரத்துக்குப் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை கோட்டை வாசல் தாண்டிக் கோணேசர் மலை ஏறி, மான்களுக்கு வாழைப்பழத்தோலும் போட்டுவிட்டு வருகிறா. கோட்டில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று நீங்களே புள்ளி வையுங்கள்.

இப்போது ஒரு டிசம்பர் மாதக் கதை. நிலாவெளிப் பக்கத்துத் தாய் ஒருவர். தலையிடி. கண் பரிசோதித்தாகிவிட்டது, தலைக்குப் படமும் எடுத்தாகிவிட்டது. "ஒண்டுமில்லையாம் மிஸ்ஸி" என்றா. அந்த 'ஒண்டுமில்லை'யில் நிம்மதி இல்லை, ஒரு அவமானம்தான் இருந்தது. பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறார்களோ என்கிற அவமானம். கொப்பியைப் புரட்டினேன். போன வருடமும் அதே மாதம், அதற்கு முந்தின வருடமும். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். அவ சொன்னதை இங்கே சொல்ல மாட்டேன், அது அவவுடையது. அரை மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தேன், வேறு ஒன்றும் செய்யவில்லை. பிறகு அவவின் சம்மதத்தோடு மனநலப் பிரிவுக்கு அனுப்பினோம். தலையிடி முற்றாகப் போய்விட்டது என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். போகவில்லை. ஆனால் அது எங்கேயிருந்து வருகிறது என்று அவவுக்குத் தெரிந்துவிட்டது, பயம் குறைந்தது. இப்படி மனம் பாரித்துக் கிடப்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் 1926 என்ற இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. பூச்சியத்திலிருந்து பத்துவரை எவ்வளவு நோ என்று கேட்கச் சொல்லித் தருகிறார்கள். கேளுங்கள், தேவைதான். மூதூரிலிருந்து வந்த ஒரு வாப்பா, "பத்துக்கு எத்தனையா? இதென்ன மகள், சோதினையா?" என்று என்னைக் கேட்டார். இலக்கத்தோடு நிறுத்தாமல் சொல்லையும் கேளுங்கள். குத்து, உளைவு, எரிவு, கடுப்பு, குடைச்சல், இழுப்பு, விறைப்பு. ஒவ்வொன்றும் வேறு. உள்ளங்கால் எரிவு நரம்பைக் காட்டும். நெஞ்சில் குத்து என்பவரையும் நெஞ்சில் பாரம் வைத்தமாதிரி என்பவரையும் ஒரே மாதிரிப் பார்க்கக் கூடாது. பாரம் என்றால் உடனே ஈசிஜி. மொழி தெரியாத தாதிக்கு இந்தச் சொற்களை எழுதிக் கொடுங்கள். எனக்குச் சிங்களத்தில் இவற்றைச் சொல்லித்தந்தது என்னோடு இரவு வேலை பார்த்த சிநேகிதி. அதற்குப் பதிலாக நான் அவளுக்கு 'உளைவு' சொல்லிக்கொடுத்தேன். பாவம், 'உலைவு' என்றுதான் கடைசிவரை சொன்னாள்.

சிசிலி சோண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் முதலில் தாதி, பிறகு சமூக சேவையாளர், அதற்குப் பிறகு படித்து மருத்துவரானவர். 1967 இல் இலண்டனில் சாகப்போகிறவர்களுக்காக ஒரு பராமரிப்பு நிலையம் திறந்தார். சாகிறவரின் வலியில் உடம்பு ஒரு பங்குதான், மனக்கலக்கம், வீட்டுக் கடன், 'எனக்கு ஏன் இப்படி' என்ற கேள்வி எல்லாம் சேர்ந்து ஒரே வலியாகத்தான் வருகிறது என்றார். வலி மருந்தான மோர்பீனை நேரம் தவறாமல் கொடுக்கவும் வற்புறுத்தியவர் அவரே.

அந்தக் கடைசி வசனத்தைத் தவறவிட வேண்டாம். ஏனென்றால் முழுமைநோக்கு என்ற பெயரை இப்போது பவுடர் டப்பாவிலும் ஒட்டி விற்கிறார்கள். இன்சுலினை நிறுத்திவிட்டு இலைச்சாறு குடித்து, மூச்சிரைக்க வந்து சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலர் வீடு திரும்பவில்லை. சித்த வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. நம் ஊர்ப் பல்கலைக்கழக வளாகத்திலேயே அதைப் பட்டப்படிப்பாகப் படிப்பிக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி கொண்டுவருகிற தாயை விடுதி வாசலில் மறிக்கவும் வேண்டாம், ஓதித் தருகிற தண்ணீரை ஏளனம் செய்யவும் வேண்டாம். இதோடு வேறென்ன குடிக்கிறீர்கள் என்று ஏசாமல் கேளுங்கள். ஏசினால் ஒளிப்பார்கள். ஒளித்தால் ஆபத்து.

நோயாளியின் வீட்டு வளவைப் பற்றியும் கேளுங்கள். 2017 இல் நாடு முழுக்க 186,000 க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு. கிண்ணியா பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இரத்தத் தட்டுக்களை எண்ணி எண்ணிக் காப்பாற்றி அனுப்புகிற பிள்ளை திரும்பிப்போவது அதே வாளிக்கும் பீப்பாய்க்கும் பக்கத்தில்தான். மூடி இல்லாத பீப்பாய் நோயாளியின் அட்டையில் ஏறாது. நீங்கள்தான் ஏற்ற வேண்டும்.

இவ்வளவும் மேல்நாட்டுப் பெயர்களாகச் சொல்கிறாளே என்று பெரியவர் ஒருவர் முகம் சுளிப்பது தெரிகிறது. உங்களுக்காக 950 ஆவது குறள். 'உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து.' நோயுற்றவன், தீர்க்கிறவன், மருந்து, நாலாவதாக உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து பார்க்கிறவன். பிள்ளைகளே, அது நீங்கள். வள்ளுவர் அந்த வரிசையில் நோயுற்றவனை முதலில் வைத்திருக்கிறார். நான் அந்த மீன்பிடிகாரரைக் கடைசியில்தான் வைத்திருந்தேன்.

பக்கத்தில் இருக்கிறவளின் உடம்பையும் சொல்ல வேண்டும். இரவு வேலை, நின்ற நிலையில் தேத்தண்ணீர், வீட்டுக்கு வந்து சமையல். எனக்குச் சீனி இருப்பதை நானே கண்டுபிடித்தது, மாணவிக்குக் கருவியைப் பழக்க என் விரலைக் குத்திக் காட்டியபோது. 214. மாணவி, "மிஸ், மெசின் பிழை போல" என்றாள். நானும் அப்படித்தான் நம்ப விரும்பினேன். மூன்று மாதம் நம்பினேன்.

சரி, நேரமாகிவிட்டது. வெளியே விறாந்தையில் மேசை போட்டிருக்கிறார்கள். பிறசர் பார்ப்பார்கள். சீனி உள்ளவர்கள் செருப்பைக் கழற்றிக் காலையும் காட்டிவிட்டுப் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் அந்த வரிசையில்தான் நிற்கப்போகிறேன்.