பாண்டுக்கு ஆர் தலைவர்? (திருகோணமலையில இசைக்குழுக்கள் ஒன்றுகூடின அண்டு பேசினது)

எல்லாருக்கும் வணக்கம்.

சபைக்குத் தலைமை தாங்குற ஐயா அவர்களுக்கு, பக்கத்தில இருக்கிற பிரதம விருந்தினர் அம்மா அவர்களுக்கு, கோயில் சபையில இருந்து வந்த பெரியவர்களுக்கு, ஃபாதருக்கு, மௌலவி அவர்களுக்கு, ரெண்டு அதிபர்மாருக்கு, சங்கீத ரீச்சர்மாருக்கு, பந்தல் போட்ட தம்பிமாருக்கு, காலமையில இருந்து பிளேன்ரீ ஊத்திக் களைச்ச அக்காமாருக்கு, கதிரை கிடைக்காம பின்னால மதில்ல ஏறி இருக்கிற பெடியன்களுக்கு வணக்கம். பேர் பேராச் சொன்னா ஆரையாவது விட்டுடுவன், பிறகு அடுத்த திருவிழா வரைக்கும் முகம் குடுத்துக் கதைக்க மாட்டாங்க. பொன்னாடை போர்த்தினீங்க, நல்ல சந்தோசம், ஆனா இந்த வெக்கைக்கு அதைக் கழட்டி மேசையில வைக்கிறன், தலைவர் குறை நினைக்கக் கூடாது.

எனக்குத் தந்த தலைப்பு இசைக்குழுவில கூட்டுத் தலைமை. இதில மூண்டு விசயம் கதைக்கலாமெண்டு வந்தன். ஒண்டு காசு, ரெண்டாவது பாட்டு லிஸ்ட், மூண்டாவது சண்டை வந்தா என்ன செய்யிறது. நான் பாட்டுக்காரனும் இல்ல, கிட்டார்க்காரனும் இல்ல. சவுண்ட் செட்காரன். மிக்ஸருக்குப் பின்னால நிண்டுதான் உங்கட சண்டை எல்லாம் பார்த்தனான். மேடையில சிரிச்சுக்கொண்டு நிக்கிறவங்க மேடைக்குப் பின்னால என்ன கதைச்சவங்க எண்டு எனக்குத் தெரியும், பயப்படாதீங்க, சொல்ல மாட்டன்.

எங்கட அம்மம்மா எதுக்கெடுத்தாலும் ஒண்டு சொல்லுவா, ஆண்டிகள் கூடி மடம் கட்டின மாதிரி எண்டு. ராத்திரி முழுக்க ஆண்டியள் திண்ணையில படுத்துக்கொண்டு இங்க வாசல் வைப்பம், அங்க கிணறு வெட்டுவம் எண்டு கதைப்பினமாம், விடிஞ்சா ஆளாளுக்குத் திருவோட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு திசையில போயிடுவினமாம். எங்கட ஊரில அரைவாசி பாண்ட் இப்பிடித்தான் உடைஞ்சது. தலைக்கனம் பிடிச்சு உடைஞ்சது கொஞ்சம், இப்பிடி உடைஞ்சதுதான் கனக்க.

இதுக்கு ஒரு கதை சொல்லோணும். 2002, சமாதானக் காலம், ரோட்டெல்லாம் திறந்து சனம் ஆசைக்குத் திருவிழா செய்த நேரம். மூதூர்ப் பக்கம் ஒரு ஊர்க் கோயில், பேர் வேணாம். கிண்ணியாவில அப்ப பாலம் இல்ல, பாதை எண்டு சொல்லுற மிதவையிலதான் வாகனம் ஏத்தோணும். ஒரு பாண்ட், ஏழு பேர், எல்லாம் கெட்டிக்காரப் பெடியன்கள். கேட்டா நெஞ்சை நிமித்திச் சொல்லுவாங்க, எங்களுக்குத் தலைவர் எண்டு ஒருத்தரும் இல்ல அண்ணை, ஏழு பேரும் சமம் எண்டு. கோயில் செயலாளர் நல்ல மனுசன், டவுனுக்கு வரேக்க வழியில ஆரைக் கண்டாரோ அவரிட்டக் கதைச்சிருக்கிறார். சந்தையில பேஸ் கிட்டார்காரனைக் கண்டார், அவன் எட்டு மணிக்கே தொடங்குறம் எண்டான். சலூன்ல ட்ரம்ஸ்காரனைக் கண்டார், அவன் ஜெனரேட்டர் பற்றி யோசிக்காதீங்க ஐயா நாங்க கொண்டு வாறம் எண்டான், ஜெனரேட்டர் கொண்டு போகவேண்டிய ஆள் நான், எனக்கு ஒருத்தரும் மூச்சு விடேல்ல. கீபோட்காரன் முதல் ஒரு மணித்தியாலம் பக்திப் பாட்டுத்தான் எண்டு வாக்குக் குடுத்தான், பாடுறவன் செயலாளற்ற பேரனுக்கு ரெண்டு பாட்டுச் சான்ஸ் தாறன் எண்டான். அட்வான்ஸ் ரிதம் கிட்டார்காரன்ட கையில. அவன் பாவம், அந்தக் காசுக்கு எல்லாருக்கும் புதுக் கம்பிதான் வாங்கினவன், ஆனா சொல்லேல்ல. மற்றவங்க அட்வான்ஸ் வரேல்ல, அப்ப ப்ரோக்ராம் கேன்சல் போல எண்டு நினைச்சு, ரெண்டு பேர் வீட்டில சாரத்தைக் கட்டிக்கொண்டு படுத்திட்டாங்க.

அஞ்சு பேரோட போய்ச் சேர்ந்தம். கரண்ட் இல்ல. கடைசியில அன்னதானக் கொட்டில்ல இருந்து ஒரு வயர் இழுத்தன். அங்க கிரைண்டர் ஓடுது, அடுத்த நாளைக்கு உளுந்து அரைக்கினம். கிரைண்டர் போடுற ஒவ்வொரு தரமும் மேடையில லைட் மங்கி கீபோட் ஓஃப் ஆகித் திரும்ப ஓன் ஆகும். உங்களுக்குத் தெரியும்தானே, பழைய கீபோட்டில ட்ரான்ஸ்போஸ், அதான் சுருதியை ஏத்தி இறக்கிற பட்டன், அதைப் போட்டு வச்சா ஓஃப் ஆகி வரேக்க அது பழையபடி பூச்சியத்துக்கு வந்திடும். பாடுறவன் அரைக் கட்டை மேல, கீபோட் கீழ. ஒரு பாட்டி எழும்பி மேடைக்குக் கிட்ட வந்து, தம்பி, உவன் பாடுற பாட்டையே நீயும் வாசியன், ஏன் நீ வேற பாட்டு வாசிக்கிறாய் எண்டு கேட்டா. சனம் சிரிச்ச சிரிப்பில கிரைண்டர்காரரும் வெளியில வந்து பார்த்தார், அந்த அஞ்சு நிமிசம்தான் கீபோட் ஒழுங்கா வேலை செய்தது. அண்டைக்கு நல்லாப் பாடினது ஆர் தெரியுமா, செயலாளற்ற பேரன். அவன் ஒரு மிருதங்கத்தோட மட்டும் பாடினவன், கரண்டே தேவைப்படேல்ல.

முடிஞ்சு செயலாளர் வந்து, மிச்சக் காசை ஆரிட்டக் குடுக்கிறது எண்டு கேட்டார். அஞ்சு கை நீண்டுது. அப்ப மட்டும் அஞ்சு தலைவர்.

...ஐயா வாறார், வாங்கோ ஐயா, முன்னுக்கு வாங்கோ, தம்பி அந்தக் கதிரையைக் கொஞ்சம் தள்ளு. மாகாண மட்டத்தில கலை வேலையள் பார்க்கிற ஐயா, எத்தனையோ வேலைக்கு நடுவில வந்திருக்கிறார், ஒருக்காக் கை தட்டுங்கோ. ஐயாவுக்கும் பொன்னாடை இருக்கு, கடைசியில. நான் சொல்லப்போற முக்கியமான விசயம் ஐயாவின்ர காதில விழோணும் எண்டுதான் எனக்கு ஆசை, அதுக்கு வாறன்.

இந்தக் கதையைக் கேட்டிட்டு அப்ப ஒரு தலைவரைப் போட்டா முடிஞ்சுது எண்டு நினைப்பீங்க. அமெரிக்காவில கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் எண்டு ஒரு பாண்ட். ஜோன் ஃபோகெர்ட்டி எண்ட ஒருத்தர்தான் பாட்டு எழுதுறது, பாடுறது, முடிவெடுக்கிறது எல்லாம். உலகம் முழுக்க ஓடினது. 1971ல சொந்த அண்ணனே விலகிப் போனார். மிஞ்சின மூண்டு பேரும் திடீரெண்டு பாட்டைப் பங்கு போட்டு, எழுதிப் பழக்கமில்லாதவங்களும் எழுதி 1972ல ஒரு ரெக்கோட் போட்டாங்க. விமர்சனக்காரர் கிழிச்சுப் போட்டாங்க, அதே வருசம் பாண்டும் உடைஞ்சுது. அப்பிடிப் பங்கு போடச் சொன்னது ஆர் எண்டதிலயே அவங்களுக்குள்ள ரெண்டு கதை இருக்கு. வருசக்கணக்கா ஒருத்தர் தனியச் சுமந்ததை ஒரே நாளில மற்றவங்கட தலையில இறக்கினா அவங்கட கழுத்து முறியாம என்ன செய்யும்.

அதே 1972ல நியூயோர்க்கில ஓர்ஃபியஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா எண்டு ஒண்டு தொடங்கினது, கண்டக்டர், அதான் முன்னால நிண்டு கைகாட்டி நடத்துற ஆள், அவர் இல்லாமலே வாசிக்கிறது, இண்டைக்கும் இருக்கு. அதுக்கு முதலே 1922ல மொஸ்கோவில பெர்சிம்ஃபான்ஸ் எண்டு கண்டக்டர் இல்லாத பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒண்டு இருந்தது. ஒருத்தற்ற முகம் ஒருத்தருக்குத் தெரியோணும் எண்டு வட்டமா இருந்து, சிலர் சனத்துக்கு முதுகு காட்டிக்கொண்டே வாசிச்சவங்க, பத்து வருசம் ஓடினது. ஓர்ஃபியஸ்காரர் செய்யிறதைக் கவனியுங்கோ. ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு சின்னக் குறூப்பைத் தெரிவு செய்வினம். அந்த உருப்படியை எப்பிடி வாசிக்கிறது எண்டு அவங்க முதல் இருந்து யோசிச்சிட்டுத்தான் முழுப் பேரிட்டயும் கொண்டு வருவினம். முதல் வயலின் கதிரையில இருக்கிற ஆளும் உருப்படிக்கு உருப்படி மாறும். தலைமை இல்லாமல் இல்ல, இந்தப் பாட்டுக்கு இன்னார் பொறுப்பு எண்டு பேர் இருக்கு, அடுத்த பாட்டுக்கு வேற பேர்.

இதை ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சான் எண்டு நினைக்காதீங்க. கோயில்ல மேளச் செட்டைப் பாருங்கோ. ராகம் வாசிக்கேக்க நாயனக்காரர்தான் ராசா, தவில்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். தவிலுக்குத் தனி விட்டா நாயனக்காரர் நாயனத்தை மடியில வச்சிட்டுத் தாளம் போடுவார். யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி தவிலை எடுத்தா நாயனத்துக்கு வந்த சனமும் தவிலைக் கேக்கத்தான் இருக்கும் எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். அதிலயும் ஒரு கவலை. எழுபதுகளில பொப் இசை வந்த காலத்து நித்தி கனகரத்தினத்தை எல்லாருக்கும் தெரியும், ஏ.ஈ.மனோகரனைத் தெரியும். அவங்களுக்குப் பின்னால பொங்கோ அடிச்சவற்ற பேர் தெரிஞ்ச ஆள் இங்க ஒரு கை தூக்குங்கோ பாப்பம். பார்த்தீங்களா.

சரி, காசு. எங்கட கரையில கரைவலை இழுக்கிற ஆக்களிட்டக் கேளுங்கோ. வலைக்கும் வள்ளத்துக்கும் சம்மாட்டிக்கு ஒரு பங்கு, மிச்சம் இழுத்தவங்களுக்கு. ஆர் எவ்வளவு எடுக்கிறது எண்டு மீன் கரைக்கு வரமுன்னமே தெரியும், அதால சண்டை குறைவு. பாண்டிலயும் அப்பிடித்தான், வான் காசு, சவுண்ட் காசு முதல் போகட்டும் (சவுண்ட் காசு முதல், அதை அடிக்கோடு போடுங்கோ), கீபோட் சொந்தமா வச்சிருக்கிறவனுக்கு கருவிக்கு ஒரு சின்னப் பங்கு, மிச்சம் சமன். உப்புவெளி நிலாவெளி ஹோட்டல்களில மே தொடங்கி செப்டெம்பர் மட்டும் டூரிஸ்ட் சீசனில கொஞ்சம் உழைப்பீங்க, நவம்பர் மாரி வந்தா ஒண்டும் இல்ல, அப்ப சீசனில ஒரு பங்கை எடுத்து வைக்கிறதெண்டு முதலே எழுதி வையுங்கோ. ஆர்.ஈ.எம் எண்ட பாண்ட் எந்தப் பாட்டை ஆர் எழுதினாலும் நாலு பேற்ற பேரும் போட்டு, காசையும் சமனாப் பிரிச்சது. 1980ல தொடங்கி 2011 வரைக்கும் ஓடி, சண்டை இல்லாம நாங்களே முடிக்கிறம் எண்டு சொல்லிட்டு முடிச்சாங்க.

பாட்டு லிஸ்ட் எண்டா அதே ஆர்.ஈ.எம்மிட்ட ஒரு பழக்கம் இருந்தது, நாலு பேரில ஒருத்தர் வேணாம் எண்டாலும் அது வேணாம்தான். ஏழு பேர் உள்ள எங்கட பாண்டில அது சரிவராது, ஒரு ப்ரோக்ராமுக்கு ஒருத்தர் லிஸ்ட் போடட்டும், அடுத்ததுக்கு மற்றவர், அவர் போட்ட லிஸ்டைப் பற்றி முறுமுறுக்கிறது ஒத்திகையில மட்டும், வட்ஸ்அப் குறூப்பில இல்ல. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு குறூப்பில எடுக்கிற முடிவெல்லாம் ஆண்டிகள் கட்டின மடம்தான், காலமை ஏழு பெருவிரல் மட்டும் கிடக்கும், செய்யிற ஆள் ஒருத்தர் இருக்க மாட்டார்.

ஒரு விசயம் நான் கண்ணால பார்த்தது. மொனிட்டர், அதான் மேடையில நிக்கிறவங்களுக்குத் தங்கட சத்தம் கேக்க வைக்கிற ஸ்பீக்கர். ஒவ்வொருத்தரும் என்னைப் பார்த்துக் கையைக் காட்டி என்ர சத்தத்தைக் கூட்டு, என்ர சத்தத்தைக் கூட்டு எண்டுவாங்க. எல்லாருக்கும் கூட்டினா ஊளை விடும், பாடுறவன் தன்ர குரல் கேக்காம கத்துவான், மூண்டாம் பாட்டிலயே தொண்டை கட்டும். நல்ல பாண்ட் எதெண்டு எனக்கு சவுண்ட் செக்கிலயே தெரியும். அங்க ஒருத்தன் சொல்லுவான், அண்ணை என்ர கிட்டாரைக் கொஞ்சம் குறையுங்கோ, அவன்ர குரல் எனக்குக் கேக்கேல்ல எண்டு. அந்தப் பாண்டுக்கு நான் சந்தோசமா வயர் சுத்துவன்.

இப்ப ஐயா இருக்கேக்க சொல்லவேண்டியது. தலைவர் இல்லாத பாண்டுக்கு ஒத்திகை கூட வேணும், அந்த ஓர்ஃபியஸ்காரருக்கும் கண்டக்டர் இருக்கிற ஆர்கெஸ்ட்ராவை விடக் கூடத்தான் நேரம் போகுது, ஏனெண்டா ஒவ்வொண்டையும் கதைச்சுக் கதைச்சுத்தானே முடிவெடுக்கோணும். எங்க கதைக்கிறது? திருகோணமலையில ஒரு பாண்டுக்கு ஒத்திகை பார்க்க இடம் எங்க இருக்கு? ஆற்றயாவது வீட்டு முன் அறையில, ட்ரம்ஸை எட்டு மணிக்கு நிப்பாட்டு, பிள்ளை சோதினைக்குப் படிக்குது எண்டு பக்கத்து வீட்டு அன்ரி வருவா, அவ சொல்றதும் நியாயம்தான். வீடு ஆருடையதோ அவர்தான் பாண்டின்ர தலைவர், இதுதான் எங்கட ஊர் வழக்கம். அவரோட கோவிச்சா ஒத்திகை இல்ல. பொது இடம் ஒண்டு இருந்தா இந்த நாட்டாமை அரைவாசி தன்பாட்டில போயிடும்.

நான் கேக்கிறது பெரிய மண்டபம் இல்ல ஐயா. மாபிளும் ஏசியும் வேண்டாம், ஒரு அறை, தடிப்பான சுவர், இறுக்கிச் சாத்துற ரெட்டைக் கதவு. பெடியன்கள் முட்டை மட்டை ஒட்டினாக் காணும் எண்டுவாங்க, முட்டை மட்டை உள்ளுக்க எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், வெளிய போற சத்தத்தை மறிக்காது, அதுக்குச் சுவர்தான் வேணும். ஒழுங்கான வயரிங்கும் ஒரு எர்த் கம்பியும். கடல் காத்துக்குக் கிட்டார் கம்பி ஒரு மாசத்தில துரு ஏறுது, அதால ஒரு பூட்டுற அலுமாரி. பூட்டிக் கிடக்கிற பொதுக் கட்டடம் ஊருக்குள்ள எத்தனை எண்டு எல்லாருக்கும் தெரியும், எதெண்டு நான் சொல்லேல்ல. திறப்பை எங்களிட்டத் தாங்கோ, மாசத்துக்கு ஒரு பாண்ட் வச்சிருக்கும், கரண்ட் பில்லை அந்த மாசம் பாவிச்ச பாண்டுகள் பிரிச்சுக் கட்டும். போர்த்துக்கீசர் வழி வந்த பறங்கிச் சனத்தில வயலினும், கபிறிஞ்ஞா எண்ட அவங்கட ஆட்டப் பாட்டும் தெரிஞ்ச கிழவர் இன்னும் இருக்கினம், அவங்களையும் கூப்பிடுவம், முஸ்லிம் பெடியன்களும் சிங்களப் பெடியன்களும் வரட்டும், அறை ஒண்டு எண்டா வருவாங்க.

இந்தக் கூட்டத்துச் செயலாளர் நேரமாச்சு எண்டு ரெண்டாவது துண்டுக் கடதாசியும் தந்திட்டார், அந்த மூண்டாவது விசயம், சண்டை, அதுக்கு இண்டைக்கு நேரம் இல்ல, அறை கிடைக்கட்டும், அங்க சண்டை பிடிச்சுக்கொண்டே கதைப்பம். மதில்ல இருக்கிற நீலச் சேட் தம்பியிட்ட ஒரு கொப்பி இருக்கு. ஒவ்வொரு பாண்டில இருந்தும் ஒரே ஒரு ஆள் வந்து பேரையும் ஃபோன் நம்பரையும் எழுதுங்கோ, அஞ்சு பேர் வந்து நிக்காதீங்க. வாற ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு இதே இடத்தில இருந்து கடிதம் எழுதுவம், ஐயாவும் நேரம் இருந்தா ஒரு எட்டு வந்து பாருங்கோ, பிளேன்ரீ என்ர செலவு.